இரண்டாம் கணு

கோவில்பட்டி பஜாரில் ஒரு விதைக் கடையில் இருபத்தேழு வருஷம் கணக்கு எழுதியவன் நான். முதல் மழை பெய்த மறுநாள் காலை அந்தக் கடை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடினால் இப்போதும் தெரியும். ஷட்டரைத் தூக்கும் முன்பே படியில் முப்பது, நாற்பது பேர் நிற்பார்கள். வேட்டி முனையெல்லாம் கரிசல் தெறித்திருக்கும். "அண்ணாச்சி, மக்காச்சோளம் நாலு பாக்கெட். முதல்ல எனக்குப் போடுங்க, டிராக்டர் காத்துக்கிட்டு நிக்குது." ஒருத்தர் தோளுக்கு மேலே இன்னொருத்தர் கை நீளும். பில் போட்டே எனக்கு விரல் மரத்துப் போகும். முதலாளிக்கு அன்றைக்குத்தான் தீபாவளி.

அப்போதெல்லாம் எனக்குள் ஒன்று உறுத்தும். என் தாத்தா காலத்தில் முதல் மழைக்கு மறுநாள் எங்கள் ஊரில் யாருக்கும் வேலை கிடையாது. சாவடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஆடுபுலி ஆடுவார்கள். காட்டுக்குள் ஒருத்தரும் கால் வைக்க மாட்டார்கள். (எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மரம் தேடி வந்துவிடாதீர்கள்.) மழைக்கு முன்னாலேயே விதை மண்ணுக்குள் போயிருக்கும். அதனால்தான் அந்த நிம்மதி.

அதற்குப் பெயர் புழுதி விதைப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஈரம் பார்த்து விதைப்பதுதானே உலக வழக்கம்? ஆனால் கரிசலின் குணம் வேறு. வெயிலில் சுருங்கி, மழையில் உப்புகிற களிமண் இது. பங்குனி, சித்திரையில் வெடிப்பு விட்டால் முழங்கை வரை கையை விடலாம். சின்ன வயதில் நான் தொலைத்த கோலிக்குண்டுகள் எல்லாம் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. மழை விழுந்ததும் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக அடி வரைக்கும் இறங்கும். பிறகு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஈரம் உள்ளே நிற்கும். மார்கழியோடு மழை நின்று போனாலும் மாசியில் பருத்தி வெடிப்பது அந்த ஈரத்தில்தான்.

இது கரிசலின் நல்ல பக்கம். கெட்ட பக்கம், நனைந்த பிறகு அது யாரையும் உள்ளே விடாது. மாட்டின் குளம்பு புதையும், கொழுவில் மண் அப்பும். செருப்போடு பத்தடி நடந்தால் காலுக்கு இரண்டு கிலோ மண் ஏறியிருக்கும். அடைமழையாகப் பிடித்துக்கொண்டால் மறுபடி உழவுப் பதம் வருவதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடும். இந்தப் பக்கம் வருஷ மழையே 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு மாதத்தில் பத்து நாளை முன்னால் தொலைத்தவனுக்குப் பின்னால் பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரத்தில் ஈரம் கிடைக்காது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து சொன்னேன். தாத்தா சிரித்துவிட்டு, "அது ஆத்துப் பாசனக்காரன் சொன்னது. ஆடியில இங்க காத்துதாம்லே அடிக்கும். நமக்குப் புரட்டாசி" என்றார். நம் பாரம்பரிய அறிவு என்று மொத்தமாகப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும். அந்த அறிவு ஊருக்கு ஊர் மாறும், மண்ணுக்கு மண் மாறும். தாமிரபரணிக் கரையின் சாமர்த்தியம் எட்டயபுரத்தில் செல்லாது.

சரி, புழுதியில் எப்படி விதைப்பது? கோடை மழை இரண்டு விழுந்ததும் உழுதுவிடுவார்கள். கட்டி கட்டியாகப் பெயர்ந்த மண் வெயிலில் காய்ந்து, தானாக உடைந்து, ஆவணிக்குள் பொலபொலவென்று ஆகிவிடும். புரட்டாசி நடுவில் ஏர் பூட்டுவார்கள். தாத்தா மேழியைப் பிடிப்பார், பின்னாலேயே ஆச்சி மடியில் விதையைக் கட்டிக்கொண்டு சாலில் விட்டுக்கொண்டே போவாள். அடுத்த சால் ஓடும்போது முந்தைய சால் மூடிக்கொள்ளும். நாலு சாலுக்கு ஒருமுறை தாத்தா ஏரை நிறுத்திவிட்டுக் குனிவார். ஆள்காட்டி விரலைப் புழுதிக்குள் நேராகக் குத்துவார். விதை நுனியில் தட்டும்போது மண் விரலின் இரண்டாம் கணுவில் நிற்க வேண்டும். முதல் கணுவிலேயே தட்டிவிட்டால் ஆச்சியைத் திட்ட மாட்டார், தன்னைத்தான் திட்டிக்கொள்வார். மேழியை அழுத்தாதது அவர் குற்றம்.

வித்தை முழுவதும் அந்த இரண்டாம் கணுவில்தான் இருந்தது. புரட்டாசியில் இடி இடித்துச் சடசடவென்று அரை மணி நேரம் பெய்துவிட்டுப் போகிற மழை இருக்கிறதே, அதற்குத் தாத்தா வைத்த பெயர் பொய் மழை. மேல் மண்ணை நனைக்கும். மேலாகக் கிடக்கிற விதை ஏமாந்து முளைக்கும். பிறகு பத்து நாள் வெயில். முளை கருகிவிடும். இரண்டு கணு ஆழத்தில் கிடக்கிற விதைக்கு அந்த மழை போய்ச் சேராது, அது பாட்டுக்குத் தூங்கும். அந்த ஆழத்துக்கு நனைக்கிற அளவு பெய்தால்தான் விழிக்கும். அவ்வளவு பெய்கிற மழை பெரும்பாலும் பருவமழையாகத்தான் இருக்கும். எது பொய் மழை, எது மெய் மழை என்று மனிதன் வானத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆழத்தை ஒழுங்காக வைத்துவிட்டால் தீர்ப்பை விதையே சொல்லிக்கொள்ளும். சோளம், பருத்தி, உளுந்துக்குத்தான் இது. கம்பு, குதிரைவாலி மாதிரிப் பொடி விதையை அவ்வளவு ஆழத்தில் போட்டால் மண்ணை முட்டிக்கொண்டு வரத் தெம்பு இருக்காது. அவற்றை மேலாகத்தான் வீச வேண்டும். பொய் மழையில் போனால் போகிறது என்று வீசுவார்கள்.

போனால் போகிறது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் வீட்டுக்குள் நின்ற குலுக்கை. களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துப் பிசைந்து, உறை உறையாகச் சுட வைக்காமல் அடுக்கிக் கட்டிய தானியப் பத்தாயம் அது. என் உயரத்துக்கு மேல் நிற்கும். அடியில் ஒரு ஓட்டை, துணியைச் சுருட்டி அடைத்துச் சாணியால் மெழுகியிருக்கும். ஆச்சி விதைக்கென்று எடுத்து வைப்பதில் ஒரு கணக்கு உண்டு. விதைப்புக்கு ஒரு பங்கு. அது போய்விட்டால் மறுவிதைப்புக்கு ஒரு பங்கு. அதுவும் போய்விட்டால் மூன்றாவதாக ஒரு பங்கு. வீட்டில் சோற்றுக்கு இழுபறியாக இருந்த மாதங்களிலும் மூன்றாம் பங்கில் அவள் கை வைத்து நான் பார்த்ததில்லை. துவரை விதைக்கு மேற்கேயிருந்து வண்டியில் வரும் செம்மண்ணைக் கரைத்துக் கட்டிக் காய வைப்பாள். மற்ற விதைக்குச் சாம்பலும் நொச்சி இலையும். பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டித் தேய்த்து உலர்த்துவாள், பஞ்சு மயிர் ஒட்டிக்கொண்டு விதை கொத்தாக விழாமல் இருப்பதற்கு.

பருத்தி என்று சொன்னதும் சரித்திரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. கரிசல் பருத்தி வெள்ளைக்காரனுக்குத் திருநெல்வேலிப் பருத்தி. கருங்கண்ணி, உப்பம் என்று இரண்டு நாட்டு வகை. இங்கிலாந்து ஆலைகளுக்கு இழை நீளம் போதவில்லை. அதனால் 1840-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பத்துத் தோட்டக்காரர்களை இந்தியாவுக்குக் கூட்டிவந்தது. அதில் ஒரு பகுதியினர் கோயம்புத்தூரில் டாக்டர் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரின் கீழ் அமெரிக்கப் பருத்தியைப் போட்டுப் பார்த்தார்கள். பல வருஷம் பாடுபட்டும் மானாவாரிக் கரிசலில் அது குடியேறவில்லை. ஆணிவேரை ஆழ இறக்கி அடி ஈரத்தைக் குடிக்கத் தெரிந்த கருங்கண்ணிதான் நின்றது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கேயிருந்து பஞ்சு வருவது நின்றதும் அதே நாட்டுப் பருத்திக்குக் கிராக்கி வந்தது. தூத்துக்குடியில் கப்பல், 1870-களின் நடுவில் கோவில்பட்டி வழியாக ரயில். ரயில் வந்த கையோடு 1876-78 பஞ்சமும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் ஊர்க் கிழவிகள் அதை நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். அவர்கள் யாரும் அதைப் பார்த்தவர்கள் இல்லை.

விவசாயிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து வந்த வெள்ளைக்காரர்களில் ஒருத்தர் மட்டும் மாற்றிச் சொன்னார். ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற வேளாண் ரசாயனக்காரர். 1889-இல் வந்து ஓராண்டுக்கு மேல் நாடு முழுவதும் சுற்றினார். 1893-இல் வந்த அறிக்கையில், இந்தியக் குடியானவன் பிரிட்டிஷ் சராசரி விவசாயிக்குக் குறைந்தவன் இல்லை, சில விஷயங்களில் மேல் என்று எழுதினார். அதற்கப்புறம்தான், 1901-இல், கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. இன்றைக்கு அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். இங்கே வெளியான ரகங்களுக்கு முன்னால் வரும் 'கே' என்ற எழுத்து கோவில்பட்டியைத்தான் குறிக்கும். கே 11 பருத்தி, கே 8 சோளம் என்று நான் பில்லில் எழுதி எழுதிப் பழகியவை. அவர்கள் பொறுக்கியெடுத்து மேம்படுத்தியதும் கருங்கண்ணியைத்தான்.

அந்த நிலையம் மானாவாரிக்குச் சொல்கிற முக்கியமான யோசனை என்ன தெரியுமா? பருவமழைக்கு முந்தைய விதைப்பு. மழை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் காய்ந்த மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதை. நல்ல மழைக்குத்தான் அது முளைக்கும். சோள விதையாக இருந்தால் 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஆறு மணி நேரம் ஊற வைத்து, பழைய ஈரப்பதத்துக்கு நிழலில் உலர்த்திப் போடு, வறட்சியைத் தாங்கும். கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸில் இதை முதன்முதல் படித்த அன்றைக்கு ஸ்கேலை எடுத்து என் ஆள்காட்டி விரலை அளந்தேன். நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை ஐந்து சென்டிமீட்டருக்கு மயிரிழை கூடுதல். யார் யாரிடம் கற்றார்கள் என்று நான் பஞ்சாயத்து வைக்கப் போவதில்லை. தாத்தா இருந்திருந்தால் அந்தக் கரைசலையும் கேட்டு வாங்கியிருப்பார். எது புதுசு என்று சொன்னாலும் ஒரு சாலில் போட்டுப் பார்க்கிற ஆள் அவர்.

அவரிடம் இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது. அதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. மார்கழிக் கடைசியில் சூரியன் பூராடத்தில் நிற்கிற பதினாலு நாள் கர்ப்போட்டம். மேகம் சூல் கொள்கிற நாள். விடியற்காலையில் களத்தில் நின்று மேகம் ஓடும் திசையும் கனமும் பார்ப்பார். ஓடினால் நல்லது. பலத்த தூற்றல் விழுந்துவிட்டால் கரு கலைந்தது. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே பிருகத் சம்ஹிதையில் மேகத்தின் கர்ப்பத்துக்கு 195 நாள் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார். மார்கழிக் கடைசியிலிருந்து 195 நாள் எண்ணினால் ஆடி வரும். வடக்கே தென்மேற்குப் பருவமழைக்கு அது பொருந்தும், எங்களுக்கு ஆடியில் காற்றுதான். தாத்தா 195 நாளெல்லாம் எண்ண மாட்டார். "பொம்பளைக்குப் பத்து மாசம்னா மேகத்துக்கும் பத்து மாசம்தாம்லே" என்பார். மார்கழி போய் ஐப்பசி. சில வருஷம் அடித்து வைத்த மாதிரி பலிக்கும். சில வருஷம் முழுக்கப் பொய்க்கும். பொய்த்த வருஷத்தைப் பற்றி அவர் பேச மாட்டார், அதுதான் எனக்கு வந்த சந்தேகம்.

ஆனால் இதைச் சும்மா தள்ளிவிடவும் முடியவில்லை. பெரு, பொலிவியா மலைகளில் உருளைக்கிழங்கு போடுகிற குடியானவர்கள் ஜூன் மாத விடியலில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் நடவைத் தள்ளிப் போடுவார்கள். மூன்று ஆய்வாளர்கள் இதைக் கிண்டிப் பார்த்து 2000-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எல் நினோ வருஷங்களில் மிக உயரத்தில் மெல்லிய மேகப் படலம் கூடுகிறது. நட்சத்திரம் மங்குவது அதனால்தான். அந்த வருஷங்களில் அங்கே மழையும் குறைகிறது. அந்தக் கிழவர்கள் பார்த்தது சரி. மார்கழி மேகத்தை வைத்தும் யாராவது இப்படிப் பொறுமையாக உட்கார்ந்தால் தாத்தாவின் பொய்யும் மெய்யும் பிரிந்துவிடும். எல் நினோ என்றாலே வறட்சி என்று டிவியில் பயமுறுத்துகிறார்கள். இங்கே அது தலைகீழ். தென்மேற்கை அது கெடுக்கும், எங்கள் வடகிழக்கு அந்த வருஷங்களில் பெரும்பாலும் கூடித்தான் பெய்யும்.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு, தட்பவெப்ப மாற்றத்துக்கு ஈடுகொடுக்கப் பாரம்பரிய அறிவையும் உள்ளூர் அறிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அறிவு மறந்துபோனதால் புழுதி விதைப்பு தேய்ந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டிய எவரைக் கேட்டாலும் இரண்டாம் கணுக் கணக்கைச் சொல்வார். போனது குலுக்கையிலிருந்த மூன்றாம் பங்கு. என் பேரேட்டில் அது போன தடம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோளம், கம்பு விதை கடையில் அதிகம் ஓடாது. எல்லார் வீட்டிலும் இருந்தது, யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பிறகு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகின. தீவனத்துக்கு மக்காச்சோளம். ஒட்டுரக விதை, ரோஸ் நிற மருந்து தடவிய பாக்கெட். அதில் விளைந்ததை எடுத்து அடுத்த வருஷம் விதைத்தால் அதே விளைச்சல் வராது. விலைக்கு வாங்கிய விதையைப் புழுதியில் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? இப்போதும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பலர் மழை வரட்டும் என்று காத்திருந்தார்கள். மழை வந்ததும் என் கடைப் படியில் நின்றார்கள். வாங்கிப் போனாலும் காடு உள்ளே விடாது. டிராக்டர் இறங்கப் பத்து நாள். மேலாகப் போட்டுப் பொய் மழையில் முளைக்க விட்டவர்கள் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பாக்கெட்டுக்கு வருவார்கள், கடன் சொல்லிக்கொண்டு. இரண்டு கூட்டத்துக்கும் பில் போட்டவன் நான்தான். என் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2018-இல் அமெரிக்கன் படைப்புழு இறங்கியது. இலைக் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம். மக்காச்சோளம் மட்டுமே நின்ற காடுகளில் அது தங்கு தடையில்லாமல் போயிற்று. பருத்திக்கு ஊடே உளுந்து, வரப்பு ஓரம் ஆமணக்கு, இடையில் துவரை, தட்டை என்று முன்பெல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று போனால் ஒன்று நிற்கும். விளைச்சல் எதிலும் அள்ளிக் கொட்டாது, எதுவும் மொத்தமாகக் கையை விரிக்கவும் செய்யாது.

ஆடும் குறைந்துவிட்டது. தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் கீதாரிகள் வருவார்கள். இரவுக்கு இத்தனை என்று பேசிக் காட்டில் கிடை போடுவார்கள். வேம்பூர் ஆடு இந்த மண்ணின் ஆடு, வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு. ஒரு மூலையில் ஓர் இரவு, மறுநாள் வலையை நகர்த்தி அடுத்த மூலை. புழுக்கையும் மூத்திரமும் கோடை உழவில் உள்ளே போகும். இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கிடை' என்று ஒரு குறுநாவலே எழுதியிருக்கிறார். கோடையில் வற்றிய கண்மாயில் கரம்பை வெட்டி வண்டி வண்டியாகக் காட்டில் அடிப்பதும் உண்டு. கண்மாயும் ஆழமாகும், காடும் கொழுக்கும். பிறகு அதற்கு அனுமதி, ரசீது என்று வந்து நின்றுபோய், 2017-இல் விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம் என்று விதி தளர்ந்தபோது எங்கள் கண்மாய்க்குள் இறங்க வழியில்லை. வேலிக்காத்தான் அடைத்துக் கிடந்தது.

பழசில் எல்லாவற்றுக்கும் மருந்து இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய அரை மீட்டர். எங்கள் வருஷ மழையில் முக்கால்வாசி ஒரே நாளில். காய் பிடித்த உளுந்து தண்ணீருக்குள் நின்று அழுகியது. எந்தக் கணுவில் விதைத்திருந்தாலும் அதற்குப் பதில் கிடையாது. கர்ப்போட்டத்திலும் அது தெரிந்திருக்காது. தாத்தா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். மூன்றாம் பங்கு விதையைக் கணக்குப் பார்த்திருப்பார், தண்ணீர் வடிந்ததும் மிச்ச ஈரத்துக்குக் கொத்தமல்லி போட முடியுமா என்று கேட்டிருப்பார். கொத்தமல்லி போட எனக்கு விதை இல்லை. ஆச்சியின் குலுக்கையை இடித்த இடத்தில் இப்போது பிரிட்ஜ் நிற்கிறது.

கடையை விட்டு நின்ற பிறகு ஐந்து ஏக்கரை நானே செய்கிறேன். இந்தப் புரட்டாசியில் உளுந்தும் நாட்டுச் சோளமும் புழுதியில் போட்டேன். வாடகை டிராக்டர், பின்னால் விதைக்கும் கருவி. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்று சால் போனதும் நிறுத்தச் சொல்லி இறங்கிக் குனிந்தேன். விரலைக் குத்தினேன். முதல் கணுவிலேயே விதை தட்டியது. "தம்பி, இன்னும் ஒரு அங்குலம் இறக்கு."

"எறக்குனா டீசல் குடிக்கும் அண்ணாச்சி. மணிக்கணக்கு ஓடுது, பார்த்துக்கோங்க."

"ஓடட்டும்."

முனகிக்கொண்டே நட்டைத் திருகினான். அடுத்த சாலில் அவனே இறங்கி வந்து விரலைக் குத்திப் பார்த்தான். அவன் விரல் நீளம். கணு பொருந்தவில்லை என்று சிரித்தான்.

நேற்று ராத்திரி தெற்கே மின்னியது. பதினோரு மணிக்குமேல் சடசடவென்று பெய்து, நான் திண்ணைக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. காலையில் பஜாருக்குப் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் காட்டுக்குப் போனேன். விரலைக் குத்தி எடுத்துப் பார்த்தேன். முதல் கணு வரை கறுப்பாக மண் ஒட்டியிருந்தது. இரண்டாம் கணுவில் வெறும் புழுதி.